பழைய டிஎல்எஸ் நின்னு போனப்போ ஆபீஸ் மெயிலும் நின்னு போன கதை

நேத்து சாயங்காலம் காப்பியர்ல வெச்ச பேப்பர் ஒண்ணு அடுத்த நிமிஷமே இன்பாக்ஸ்ல வந்து விழுந்துச்சு. ஆபீஸ்ல மெயில் சரி ஆகாம பாக்கி இருந்தது அது ஒண்ணுதான். டிஎல்எஸ்னா மெயில் சாஃப்ட்வேரும் சர்வரும் வெளியாள் படிக்க முடியாத மாதிரி பூட்டிப் பேசிக்கற முறை, அதோட பழைய வெர்ஷன சர்வர் நிறுத்தினதுலதான் இவ்வளவும். திங்கக்கிழமை காலைல ஆரம்பிச்சது வியாழக்கிழமை சாயங்காலம் முடிஞ்சுது, நாலு நாள், அதுல ஒண்ணரை நாள் சுத்தமா வேஸ்ட். சூடு ஆறுறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன், அடுத்த தடவை எனக்கே தேவைப்படும்.

முதல்ல ஆபீஸ்ல என்னென்ன இருக்குன்னு சொல்லிடறேன். விண்டோஸ் 10 அஞ்சு. விண்டோஸ் 7 மூணு, மூணுலயும் அவுட்லுக் 2010. எக்ஸ்பி ரெண்டு. ஏன் இன்னும் எக்ஸ்பின்னு கேக்காதீங்க, ஒண்ணுல பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கு, அத எழுதிக் குடுத்தவர் எங்க இருக்கார்னே யாருக்கும் தெரியாது, இன்னொண்ணுல லேபிள் பிரிண்டர், அதுக்கு பேரலல் போர்ட் வேணும், டிரைவர் எக்ஸ்பியோட நின்னுடுச்சு. மேக் ஓஎஸ் 10.6 ஓடற பழைய மேக் ஒண்ணு. அப்புறம் ஸ்கேன் பண்ணி நேரா மெயில்ல அனுப்பற காப்பியர் ஒண்ணு. மொத்தம் பன்னெண்டு, எல்லாம் ஒரே சுவிட்ச், ஒரே ரௌட்டர். மெயில் சர்வர் நம்ம கைல இல்ல, வெளிய ஒரு ஹோஸ்டிங்ல இருக்கு.

திங்கக்கிழமை ஒம்போதரைக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, எனக்கு மெயில் வரல, ஆனா பக்கத்து சீட்டுக்கு வருது, என் மெஷின்ல மட்டும் என்ன பண்ணி வெச்சீங்க?" போய் பாத்தா அவுட்லுக் "சர்வர் கனெக்ஷன துண்டிச்சிடுச்சு"ங்கற அர்த்தத்துல ஏதோ எர்ரர் காட்டுது. அதே மெஷின்ல குரோம்ல வெப்மெயில் திறந்தேன், ஜம்முனு திறந்துச்சு. சரி, நெட் இருக்கு, சர்வர் உயிரோட இருக்கு, அப்ப பாஸ்வேர்ட்தான் கெட்டுப் போயிருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். நாலு நாள் கதைல முதல் தப்பு இதுதான். குரோம் தன்னோட டிஎல்எஸ்ஸ தானே கொண்டு வருது, அவுட்லுக் விண்டோஸுக்குள்ள டிஎல்எஸ் பேசற பகுதியான எஸ்சேனல நம்பி இருக்கு. பிரவுசர்ல வெப்மெயில் திறக்குதுன்னா கேபிளும் ரௌட்டரும் நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அவுட்லுக்க பத்தி அது ஒண்ணுமே சொல்லாது. அன்னிக்கு எனக்கு இது தோணல.

தோணாம என்ன பண்ணேன்னா, அக்கவுண்ட்ஸ் மெயில்பாக்ஸோட பாஸ்வேர்ட மாத்திட்டேன். அந்த மெயில்பாக்ஸ் பொதுவானது, ரெண்டு விண்டோஸ் 10 மெஷின்லயும் ஒருத்தரோட போன்லயும் பழைய பாஸ்வேர்ட் சேவ் ஆகி கெடக்கு. அதுங்க மூணும் நிமிஷத்துக்கு நிமிஷம் பழைய பாஸ்வேர்ட வெச்சு சர்வர் கதவ தட்டிட்டே இருந்திருக்கு. பதினொண்ணரைக்கு மொத்த ஆபீஸுக்கும் மெயில் நின்னு போச்சு, வெப்மெயிலும் சேர்ந்து. அதுவரைக்கும் ஏழு மெஷின் பிரச்சனையா இருந்தத பன்னெண்டு மெஷின் பிரச்சனையா ஆக்கினது நானேதான்.

ரௌட்டர ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன், சுவிட்ச ஒரு தடவை. ஃபயர்வால நிறுத்திப் பாத்தேன். டிஎன்எஸ் மாத்திப் பாத்தேன். மதியம் மூணு மணிக்கு மேலதான் லேப்டாப்ப போன் ஹாட்ஸ்பாட்ல போட்டு, சர்வர்ல மெயில் வாங்கற வாசலான 993 போர்ட்டுக்கு வழி இருக்கான்னு பாக்க டெல்நெட் அடிச்சேன், டக்குனு கனெக்ட் ஆச்சு. அதே லேப்டாப் ஆபீஸ் லைன்ல அடிச்சா பதிலே இல்ல, அப்படியே தொங்கிட்டு நிக்குது. ஹோஸ்டிங்குக்கு போன் பண்ணா, தப்பான லாகின் நிறைய வந்ததால உங்க ஐபி தானா பிளாக் ஆயிருக்குன்னாங்க. நம்மளுது ஸ்டேட்டிக் ஐபி, அதாவது நிரந்தர இன்டர்நெட் முகவரி, ரௌட்டர நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் அது மாறப் போறதில்ல. பிளாக் எடுத்தாங்க, போன்லயும் ரெண்டு மெஷின்லயும் புது பாஸ்வேர்ட் போட்டேன், விண்டோஸ் 10 அஞ்சும் திரும்ப வந்துடுச்சு. மத்த ஏழும் காலைல இருந்த மாதிரியே. ஆறு மணி நேரம் ஓடி தொடங்கின இடத்துக்கே வந்து நின்னேன்.

செவ்வாய்க்கிழமை வந்த உடனே எதையும் தொடல. ஒரு நோட்டுல கோடு போட்டு மெஷின், ஓஎஸ், மெயில் சாஃப்ட்வேர், போர்ட், எவ்ளோ நேரத்துல ஃபெயில் ஆகுதுன்னு எழுதினேன். நேரம் எழுதின அந்த கடைசி கட்டம்தான் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஐபி பிளாக் ஆனப்போ ஒவ்வொண்ணும் நிமிஷக்கணக்குல தொங்கிச்சு, இப்ப ஏழுமே ஒரு செகண்டுக்குள்ள ஃபெயில் ஆகுது. தொங்கினா வழி அடைபட்டிருக்கு. உடனே அறுந்தா வழி இருக்கு, ஆள் கதவ திறந்து முகத்த பாத்துட்டு சாத்திடறான். நோட்டுல பாத்தா ஃபெயில் ஆகற ஏழும் பழசு, ஓடற அஞ்சும் புதுசு. திங்கக்கிழமையே இந்த நோட்ட போட்டிருந்தா பாஸ்வேர்ட தொட்டே இருக்க மாட்டேன்.

என்ன பேசிக்கறாங்கன்னு பாக்க சுவிட்ச்ல போர்ட் மிரரிங் போட்டு, பில்லிங் எக்ஸ்பியோட டிராஃபிக்கோட நகல லேப்டாப்புக்கு திருப்பி, நெட்வொர்க்ல போறத படிச்சுக் காட்டற வயர்ஷார்க்க ஓட்டினேன். எக்ஸ்பி "வணக்கம், நான் டிஎல்எஸ் 1.0 பேசுவேன்"னு கிளையண்ட் ஹலோ அனுப்புது. பதிலுக்கு சர்வர் கிட்ட இருந்து ஏழே பைட்:

15 03 01 00 02 02 46

15னா அலர்ட். 03 01னா டிஎல்எஸ் 1.0. 00 02 நீளம். 02னா இதோட பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். 46 ஹெக்ஸ்ல இருக்கு, டெசிமல்ல 70, அதுக்கு அர்த்தம் "இந்த புரோட்டோகால் வெர்ஷன் எனக்கு ஆகாது". அவ்ளோதான். திங்கக்கிழமை முழுக்க நான் தேடின பதில் இந்த ஏழு பைட்டுல உக்காந்திருந்துச்சு.

இங்க ஒரு சின்ன குழப்பம், நானும் மாட்டினேன். கிளையண்ட் ஹலோல வெளி ஹெடர்ல ஒரு வெர்ஷன் இருக்கும், உள்ள ஒரு வெர்ஷன் இருக்கும். புது சாஃப்ட்வேர் கூட வெளிய 03 01ன்னு போடலாம். உள்ள 03 03 இருந்தா அது 1.2 பேசுதுன்னு எடுத்துக்கலாம், அதனால வெளிய மட்டும் பாத்து ஏமாறாதீங்க. இன்னொண்ணு, லினக்ஸ் லேப்டாப்ல டிஎல்எஸ்ஸ சோதிக்க உதவற ஓப்பன்எஸ்எஸ்எல் வெச்சு டிஎல்எஸ் 1.0ல கனெக்ட் பண்ணி பாத்தப்போ ஃபெயில் ஆச்சு, ஆஹா சர்வர்தான் மறுக்குதுன்னு நெனச்சேன். எர்ரர படிச்சா "புரோட்டோகால் எதுவும் கிடைக்கல"ன்னு இருக்கு, அதாவது என் லேப்டாப்பே 1.0ஐ அனுப்ப மாட்டேங்குது, பாக்கெட் வெளியவே போகல. புது லினக்ஸ்ல அத டீஃபால்ட்டா அடைச்சு வெச்சிருக்காங்க. செக்யூரிட்டி லெவல 0க்கு இறக்கி திரும்ப அடிச்சப்புறம்தான் சர்வர் மறுத்தது உண்மைன்னு உறுதியாச்சு. 1.2ல அடிச்சா உடனே ஏத்துக்குச்சு.

அப்புறம் ஒரு சந்தேகத்துல அட்மின் மெயில்பாக்ஸ்ல தேடிப் பாத்தேன். யாருமே திறக்காத மெயில்பாக்ஸ் அது. ரெண்டு மாசம் முன்னாடியே ஹோஸ்டிங் அறிவிப்பு அனுப்பியிருக்கு, இந்த தேதில இருந்து டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் நிறுத்தறோம்னு தெளிவா எழுதி, நினைவூட்டலும் ஒண்ணு. அவங்கள ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. 1.0 வந்தது 1999ல, 1.2 வந்தது 2008ல, 2021லயே பழைய ரெண்டையும் கைவிடச் சொல்லி இன்டர்நெட் தர ஆவணம், ஆர்எஃப்சி 8996, வந்தாச்சு.

விண்டோஸ் 7ல ஆரம்பிச்சேன், ஏன்னா அதுக்குள்ள டிஎல்எஸ் 1.2 இருக்கு, தூங்கிட்டு இருக்கு, எழுப்பணும். கேபி3140245 அப்டேட் மூணுலயும் இருக்கான்னு பாத்தேன், ஒண்ணுல இல்ல, போட்டேன். விண்டோஸ் தன்னோட செட்டிங்க எல்லாம் வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரில வின்எச்டிடிபி கீழ டீஃபால்ட் செக்யூர் புரோட்டோகால்ஸ்னு ஒரு டிவேர்ட், அதாவது எண் மதிப்பு, அதுக்கு டெசிமல்ல 2560, 64 பிட் மெஷின்னா வாவ்6432நோட் கீழயும் அதே. அப்புறம் எஸ்சேனல் கீழ புரோட்டோகால்ஸ், அதுக்குள்ள டிஎல்எஸ் 1.2, அதுக்குள்ள கிளையண்ட், அங்க டிசேபிள்ட் பை டீஃபால்ட் 0, எனேபிள்ட் 1. ரீஸ்டார்ட் பண்ணா ஓடல. முக்கா மணி நேரம் முழிச்சேன். கடைசில பாத்தா ஃபோல்டர் பேர்ல டிஎல்எஸ்ஸுக்கும் 1.2க்கும் நடுவுல இடைவெளி விடாம சேத்து அடிச்சிருக்கேன். விண்டோஸ் அதுக்கு எர்ரரும் காட்டாது, இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கறதையே கண்டுக்காது. இடைவெளி விட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, ஓடிடுச்சு. ஒரு மெஷின்ல சரியானத ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவ்ல வெச்சு மத்த ரெண்டுலயும் போட்டேன், கையால அடிச்சாத்தானே தப்பு வரும்.

அதுல ஒண்ணு மட்டும் அப்பவும் அடம் பிடிச்சுது, அக்காவோடதுதான். ரெஜிஸ்ட்ரி சரி, அப்டேட் இருக்கு, ஆனா வயர்ஷார்க்ல இன்னும் உள்ளயும் 03 01ன்னே போகுது. அப்படின்னா ஹலோ சொல்றது அவுட்லுக் இல்ல, நடுவுல வேற யாரோ. ஆன்டிவைரஸ். அது மெயில ஸ்கேன் பண்றேன்னு அவுட்லுக்குக்கும் சர்வருக்கும் நடுவுல உக்காந்து தன்னோட பழைய டிஎல்எஸ்ல பேசிட்டு இருக்கு, வருஷக்கணக்கா அப்டேட் ஆகாத வெர்ஷன். மெயில் ஸ்கேன மட்டும் ஆஃப் பண்ணேன், ஃபைல் ஸ்கேன் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். மெயில் வந்து கொட்டுச்சு, 214. அக்கா "இப்ப இத்தனையையும் நான் படிக்கணுமா"ன்னாங்க.

புதன்கிழமை எக்ஸ்பி. எக்ஸ்பியோட எஸ்சேனல்ல 1.0க்கு மேல கிடையாதே, எழுப்பறதுக்கு உள்ள ஆளே இல்ல. லேபிள் பிரிண்டர் மெஷின்ல மெயில் வெறுமனே படிக்கறதுக்குத்தான், அதனால தண்டர்பேர்ட் போட்டேன். தண்டர்பேர்ட் தன்னோட டிஎல்எஸ்ஸ தானே கொண்டு வரும், எக்ஸ்பில ஓடற கடைசி வரிசை 52, நான் போட்டது 52.9.1. எக்ஸ்பில இருந்தே டவுன்லோட் பண்ணப் பாத்தா பக்கமே திறக்கல, அதே வியாதி. விண்டோஸ் 10ல இறக்கி பென் டிரைவ்ல கொண்டு போனேன்.

போட்டா, சர்வரோட அடையாள அட்டையான சர்டிபிகேட் செல்லாதுங்குது. ரூட் சர்டிபிகேட் பழசா இருக்கும்னு அரை மணி நேரம் அதுலயே தேடிட்டு இருந்தேன், ஓரத்துல இருக்கற கடிகாரத்த பாக்கவே இல்ல. பாத்தா தேதி 2004 ஜனவரி 1. மதர்போர்ட் பேட்டரி செத்திருக்கு, சாயங்காலம் மெயின் சுவிட்ச நிறுத்தறப்போ ஒவ்வொரு நாளும் மெஷின் 2004க்கு போயிடுது, லேபிள் அடிக்கறவர் தேதிய கையால போட்டுக்கறதால யாரும் சொல்லல. நம்ம சர்டிபிகேட் அப்ப பொறக்கவே இல்ல, எப்படி செல்லும். சிஆர்2032 பேட்டரி ஒண்ணு, மூடி திறந்து மாத்த பத்து நிமிஷம், அதுல ஏழு நிமிஷம் தூசி ஊதினது. கழட்டின பேட்டரிய மீட்டர்ல வெச்சா 1.1 வோல்ட், புதுசு 3.2 காட்டுச்சு. தேதி சரி பண்ண உடனே தண்டர்பேர்ட் வாய மூடிட்டு வேலை பாத்துச்சு. அந்த மெஷினுக்கு ரௌட்டர்ல மெயில் சர்வரோட 993, 465 ரெண்டு போர்ட் மட்டும் திறந்து மத்த இன்டர்நெட் எல்லாத்தையும் அடைச்சிட்டேன், எக்ஸ்பிய வெளிய உலாவ விடறது நல்லதில்ல.

பில்லிங் எக்ஸ்பிதான் வில்லங்கம். சாஃப்ட்வேர்ல "மெயில் அனுப்பு" பட்டன அமுக்கினா அது அவுட்லுக் 2003ஐத்தான் கூப்பிடும். தண்டர்பேர்ட டீஃபால்ட்டா வெச்சு பாத்தேன், அட்டாச்மென்ட் இல்லாம வெறும் மெயில் திறக்குது. பில் இல்லாத பில் மெயிலால என்ன பிரயோஜனம். அதனால அவுட்லுக் 2003ஐ அப்படியே விட்டு, அதுக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர உக்கார வெச்சேன். அலமாரில சும்மா கெடந்த மினி பிசி ஒண்ணுல டெபியன் லினக்ஸ் போட்டு, 192.168.1.10ன்னு ஐபி குடுத்து, எஸ்டனல் போட்டேன். எஸ்டனல் என்ன பண்ணும்னா, ஒரு பக்கம் சாதா கனெக்ஷன வாங்கி இன்னொரு பக்கம் டிஎல்எஸ்ல சுத்தி அனுப்பும். வர்ற மெயிலுக்கு 110ல வாங்கி சர்வரோட 995க்கு, போற மெயிலுக்கு 25ல வாங்கி சர்வரோட 465க்கு. அவுட்லுக்ல சர்வர் பேருக்கு பதிலா மினி பிசியோட ஐபி, எஸ்எஸ்எல் டிக்க எடுத்துட்டேன்.

முதல் தடவை கனெக்ட் ஆகல, ஏன்னா ஆக்செப்ட் வரில 127.0.0.1ன்னு போட்டிருக்கேன், அந்த பெட்டிய தவிர வேற யாரும் உள்ள வர முடியாது. அத மாத்தின உடனே மெயில் வந்துச்சு. ஆனா இதோட சந்தோஷப்பட்டு எந்திரிச்சிடக் கூடாது. எஸ்டனல் டீஃபால்ட்டா சர்வரோட சர்டிபிகேட்ட சரி பாக்காது, யார் வந்து நின்னாலும் பாஸ்வேர்ட தூக்கிக் குடுத்துடும். சர்டிபிகேட் அசலா, பேர் சரியான்னு பாக்க வெக்கற வெரிஃபை செயின், செக் ஹோஸ்ட், சிஏ ஃபைல் மூணையும் போட்டேன், போட்டுட்டு வேணும்னே செக் ஹோஸ்ட்ல தப்பான பேர் குடுத்து பாத்தேன். கனெக்ஷன் அறுந்துச்சு, அப்பதான் நிம்மதி. இன்னொரு குறை, எக்ஸ்பில இருந்து மினி பிசி வரைக்கும் பாஸ்வேர்ட் வெட்டவெளில போகுது. எக்ஸ்பியும் மினி பிசியும் ஒரே சுவிட்ச்ல கேபிள்ல இருக்கு, வைஃபை கிடையாது, மினி பிசி ஃபயர்வால்ல அந்த எக்ஸ்பியோட ஐபிக்கும் மேக்கோட ஐபிக்கும் மட்டும் அனுமதி. இதுக்கு மேல அந்த மெஷின்ல எனக்கு வழி தெரியல. மேக்குக்கும் இதே வழிதான், 143ல வாங்கி 993க்குன்னு ஒரு செக்ஷன் கூட சேத்தேன், இருவது நிமிஷத்துல முடிஞ்சுது, அதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

வியாழக்கிழமை காப்பியர். அதோட செட்டிங்ல சர்வர் பேர், யூசர், பாஸ்வேர்ட் மூணு கட்டம்தான், போர்ட் மாத்த இடமே இல்ல, 25தான். காப்பியரையும் எஸ்டனல் வழியா விட்டேன், லாகின் முறை ஒத்து வரல, இவன் சொல்றது அவனுக்கு புரியல. சரி, மினி பிசிலயே மெயில வாங்கி அனுப்பி வெக்கற போஸ்ட்ஃபிக்ஸ் போடுவோம், காப்பியர் லாகினே இல்லாம போஸ்ட்ஃபிக்ஸ் கிட்ட குடுக்கட்டும், அது லாகின் பண்ணி சர்வருக்கு 587ல, சாதாவா ஆரம்பிச்சு டிஎல்எஸ்ஸுக்கு மாறற ஸ்டார்ட்டிஎல்எஸ் வழியா அனுப்பட்டும்னு முடிவு பண்ணேன். போஸ்ட்ஃபிக்ஸ் 25ல உக்காரவே மாட்டேங்குது. லாக பாத்தா "அட்ரஸ் ஏற்கனவே பயன்பாட்டில்". யாருன்னு பாத்தா நேத்து நானே உக்கார வெச்ச எஸ்டனல். காப்பியர்லதான் போர்ட் மாத்த முடியாது, அவுட்லுக்ல முடியுமே, அதனால எஸ்டனல 2525க்கு நகத்தி, பில்லிங் எக்ஸ்பி, மேக் ரெண்டுலயும் அவுட்கோயிங் போர்ட்ட மாத்திட்டு வந்து 25ஐ போஸ்ட்ஃபிக்ஸுக்கு விட்டுக் குடுத்தேன். லாகின் இல்லாம அனுப்ப விடற மெஷின் பட்டியலான மை நெட்வொர்க்ஸ்ல காப்பியரோட ஐபி மட்டும், இல்லன்னா ஆபீஸ்ல எந்த மெஷின்ல வைரஸ் வந்தாலும் நம்ம பேர்ல ஸ்பேம் கெளம்பிடும்.

ஒரு பக்கம் ஸ்கேன் போச்சு. அனுப்புனர் அட்ரஸ் காப்பியர் தானா வெச்சுக்கிட்டது, சர்வர் அத ஏத்துக்கல, நம்ம மெயில் அட்ரஸா மாத்தினப்புறம் போச்சு. இருவது பக்கம் வெச்சு அனுப்பினா 552ன்னு, அதாவது மெயில் ரொம்ப பெருசுன்னு, திரும்பி வருது. ஃபைல் 8 எம்பி சொச்சம்தான். போஸ்ட்ஃபிக்ஸோட டீஃபால்ட் லிமிட் 10240000 பைட், அட்டாச்மென்ட் பேஸ்64ல, அதாவது வெறும் எழுத்தா மாறி, போறப்போ மூணுல ஒரு பங்குக்கு மேல ஊதிடும், 8 எம்பி 11 எம்பி ஆயிடும். லிமிட்ட சர்வர் அனுமதிக்கற அளவுக்கு, 25 எம்பிக்கு ஏத்தினேன். காப்பியர்ல ரெசல்யூஷன 600ல இருந்து 300க்கு இறக்கினேன், அதத்தான் முதல்ல பண்ணியிருக்கணும். அப்புறம் விழுந்ததுதான் ஆரம்பத்துல சொன்ன அந்த பேப்பர்.

கணக்கு பாத்தா வாங்கின பொருள் ஒரே ஒரு பேட்டரி. மத்ததெல்லாம் நேரம்: திங்கக்கிழமை முழுக்க, ரெஜிஸ்ட்ரி இடைவெளிக்கு முக்கா மணி, 2004க்கு அரை மணி, காப்பியருக்கு அஞ்சு மணி நேரம். அடுத்த தடவைன்னா பழைய மெஷினுக்கு முன்னாடி உக்காந்த உடனே கடிகாரத்த பாப்பேன், அப்புறம் ஸ்டாப்வாட்ச், அப்புறம் வயர்ஷார்க், பாஸ்வேர்ட கடைசி வரைக்கும் தொட மாட்டேன். எஸ்டனலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் போர்ட்ட முதல்லயே பேப்பர்ல பிரிச்சு எழுதிடுவேன். எக்ஸ்பி, மேக், காப்பியர் எல்லாத்தையும் மொதல்ல இருந்தே போஸ்ட்ஃபிக்ஸ் வழியா அனுப்ப விட்டிருந்தா எஸ்டனல்ல வாங்கற பக்கம் மட்டும் போதுமா இருந்திருக்கும், அத ஒரு ஞாயித்துக்கிழமை மாத்தணும். அட்மின் மெயில்பாக்ஸ என் போனுக்கு ஃபார்வர்ட் போட்டாச்சு.

இப்ப பன்னெண்டுல மூணு மெஷின் அந்த குட்டி மினி பிசிய நம்பி இருக்கு. அதோட தலைல "அணைக்காதீங்க"ன்னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன், பிளக் பாயிண்ட்ல இன்னொண்ணு. இன்னிக்கு காலைல வந்து பாத்தா போன் சார்ஜர் சொருக இடம் வேணும்னு யாரோ பிளக்க புடுங்கி வெச்சிருந்தாங்க, பேப்பர் மட்டும் பத்திரமா ஒட்டியிருக்கு.